அமெரிக்க இளங்கலையில் கணித, கணினி விருதுகள்: எதற்கு எப்போது யாரிடம் போவது

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணிதமோ கணினி அறிவியலோ படிக்கச் சேர்ந்த புதிதில் விருதுகளைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்றுதான். பெயர் பெற்ற விருதுகள் பலவற்றுக்கு மாணவர் தானாக நிரப்பி அனுப்பும் படிவமே கிடையாது. பேராசிரியர் ஒருவரோ துறையோ பெயரை முன்மொழிந்தால்தான் கணக்கில் சேரும். வேறு சில, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மதிப்பெண்ணைப் பார்த்துத் தானாக வந்து சேரும். இன்னும் சிலவற்றுக்கு ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து கணக்குப் போட்டால் போதும்.

இந்த வேறுபாடு பிடிபடாமலே மூன்றாம் ஆண்டு வரை ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதற்குள் சில வாய்ப்புகளின் காலம் கடந்திருக்கும். ஆகவே இங்கே விருதுகளைப் பெருமை வரிசையில் அடுக்கப் போவதில்லை. உங்கள் பெயரை உள்ளே எடுத்துச் செல்வது யார் என்ற வரிசையில் பார்ப்போம்.

படி 1: சேர்ந்த உடனே மூன்று கேள்விகள்

எந்த விருதின் பெயர் காதில் விழுந்தாலும் மூன்றைப் பாருங்கள். எந்தக் குடியுரிமை உள்ளவர்களுக்கு? எந்த ஆண்டு மாணவர்களுக்கு? பெயரைக் கொடுக்க வேண்டியது யார்?

குடியுரிமைக் கேள்விதான் பலரை ஏமாற்றுகிறது. கணித, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான கோல்ட்வாட்டர் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., பணம் தரும் கோடைக்கால ஆய்வுத் திட்டங்களும் அப்படியே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் இவற்றுக்காக இரவு பகலாகக் கட்டுரை எழுதிப் பயனில்லை. ஆனால் பட்னம் கணிதப் போட்டி, ஐ.சி.பி.சி. நிரலாக்கப் போட்டி, கணித ஆய்வுக்கான மார்கன் பரிசு, கணினி ஆராய்ச்சிச் சங்கம் (சி.ஆர்.ஏ.) தரும் இளங்கலை ஆய்வாளர் விருது ஆகியவை விசாவைப் பார்ப்பதில்லை. எங்கே படிக்கிறீர்கள் என்பதுதான் அங்கே முக்கியம். கணிதத்தில் சிறந்து விளங்கும் மாணவிகளுக்கான ஆலிஸ் ஷேஃபர் பரிசுக்கு அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், அல்லது அமெரிக்காவில் கல்லூரி முகவரி இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும்.

ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். கோல்ட்வாட்டர் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு. நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்டால் கதவு மூடியாயிற்று. மூன்று கேள்விகளுக்கும் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் மூன்று பத்திகள் ஒதுக்கி, விருது ஒன்றுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். பல வரிகள் முதல் பத்தியிலேயே அடிபட்டுப் போகும். அதுவும் நல்லதுதான், நேரம் மிச்சம்.

படி 2: தானாக வருபவை

டீன்ஸ் லிஸ்ட் என்பது ஒரு செமஸ்டரில் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வுக்கு (சராசரி மதிப்பெண்) மேல் எடுத்தவர்களின் பட்டியல். வரும்போது வரட்டும், அதற்காகத் தனியாக ஏதும் செய்ய வேண்டாம்.

பட்டத்தில் அச்சாகும் கும் லாடே, மாக்னா கும் லாடே, சும்மா கும் லாடே ஆகிய லத்தீன் சிறப்புகளில் கொஞ்சம் கவனம் தேவை, ஏனென்றால் விதி இடத்துக்கு இடம் மாறும். சில பல்கலைக்கழகங்கள் இத்தனை ஜி.பி.ஏ. என்று கோடு போடுகின்றன. சில அந்த ஆண்டு பட்டம் பெறுவோரில் முதல் இத்தனை சதவீதம் என்கின்றன. எம்.ஐ.டி.யில் லத்தீன் சிறப்பே கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் முதல் 15 சதவீதத்தினருக்கு 'வித் டிஸ்டிங்ஷன்' என்று பட்டத்தில் போடுகிறார்கள். உங்கள் கல்லூரியின் விதி கேட்டலாக் என்னும் பாட, விதிக் கையேட்டில் இருக்கும், ஒரு முறை படித்துவிடுங்கள்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது துறை ஆனர்ஸ். அது தானாக வராது. கணிதத் துறையில் ஆனர்ஸ் வேண்டுமென்றால் பொதுவாகக் கூடுதலாகச் சில கடினமான பாடங்கள், ஒரு வழிகாட்டி, கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு என்று தனிப் பாதை இருக்கும். மூன்றாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டருக்குள் வழிகாட்டியைப் பிடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், லத்தீன் சிறப்பை விட இதற்கு மதிப்பு அதிகம். பிஎச்.டி. சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் 3.85க்கும் 3.92க்கும் உள்ள வேறுபாட்டில் தலையை உடைத்துக்கொள்வதில்லை. ஆய்வேட்டை வழிநடத்தியவரின் கடிதத்தைத்தான் வரி வரியாகப் படிக்கிறார்கள்.

கௌரவச் சங்கங்கள் இன்னொரு வகை. ஃபை பீட்டா கப்பா 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. கலை, அறிவியல் துறைகள் எல்லாவற்றுக்கும் பொது. கணிதத்துக்குப் பை மியூ எப்சிலான், 1914இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கணினித் துறைக்கு உப்சிலான் பை எப்சிலான், 1967, டெக்ஸஸ் ஏ அண்ட் எம். பொறியியல் கல்லூரிக்குள் கணினி அறிவியல் இருந்தால் டாவ் பீட்டா பையும் அழைக்கலாம். மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்கிலோ நான்காம் ஆண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்கிலோ இருப்பவர்கள் அதற்குத் தகுதி பெறுகிறார்கள். இந்தச் சங்கங்கள் ஒரு முறை கட்டணம் வாங்குவது வழக்கம்தான். ஆனால் பெயரே கேள்விப்படாத ஒரு சங்கம், "தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், பணம் கட்டுங்கள்" என்று திடீரென மின்னஞ்சல் அனுப்பினால் துறை அலுவலகத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தச் சங்கத்துக்கு நம் வளாகத்தில் கிளை உண்டா, அதன் ஆசிரியப் பொறுப்பாளர் யார்? பெயர் சொல்ல ஆள் இல்லையென்றால் மின்னஞ்சலை அழித்துவிடலாம்.

படி 3: நேரே போய் உட்காரக்கூடியவை

போட்டிகளுக்கு யாருடைய தயவும் தேவையில்லை. முதலாண்டிலேயே தொடங்கலாம். மூன்று போட்டிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது பட்னம். முழுப்பெயர் வில்லியம் லோவல் பட்னம் கணிதப் போட்டி. 1938இல் தொடங்கியது, எம்.ஏ.ஏ. என்னும் கணிதச் சங்கம் நடத்துகிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இளங்கலை படிப்பவர்கள் அதிகபட்சம் நான்கு முறை எழுதலாம். டிசம்பரின் முதல் சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் ஆறு கேள்விகள், பிற்பகல் மூன்று மணி நேரம் ஆறு கேள்விகள். கேள்விக்கு 10 வீதம் மொத்தம் 120. காலைக் கேள்விகளுக்கு ஏ1 முதல் ஏ6 வரை பெயர், பிற்பகலுக்கு பி1 முதல் பி6 வரை; எண் ஏற ஏறப் பொதுவாகக் கடினமும் ஏறும்.

இனி அதிர்ச்சி தரும் செய்தி. பல ஆண்டுகளில் எழுதியவர்களின் இடைநிலை மதிப்பெண் 0, 1 அல்லது 2. பள்ளியில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் முதல் முறை பூஜ்யம் வாங்கிவிட்டுத் துவண்டுபோகிறார்கள். துவள வேண்டியதில்லை. ஒரு கேள்வியை முழுதாகப் போட்டு 10 வாங்கினாலே பாதிப் பேரைத் தாண்டியாயிற்று.

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் பார்ப்போம். 1985ஆம் ஆண்டின் ஏ1. மூன்று கணங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றுசேர்த்தால் 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களும் வர வேண்டும். மூன்றுக்கும் பொதுவாக ஓர் எண்கூட இருக்கக் கூடாது. எது முதல் கணம், எது இரண்டாவது, எது மூன்றாவது என்பதையும் கணக்கில் கொண்டு, இப்படிப்பட்ட மூன்று கணங்களை எத்தனை விதமாக எடுக்கலாம்?

கணங்களைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் சிக்கல்தான். எண்களின் பக்கம் போங்கள். 7 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் கணத்தில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டாவதிலும் அப்படியே, மூன்றாவதிலும் அப்படியே. ஆக 2 × 2 × 2 = 8 வழிகள். இவற்றில் எதிலுமே இல்லாத வழி ஆகாது, ஏனென்றால் ஒன்றுசேர்த்தால் 7 வந்தாக வேண்டும். மூன்றிலும் இருக்கும் வழியும் ஆகாது, பொதுவாக எதுவும் இருக்கக் கூடாது. மிச்சம் 6. ஓர் எண் எங்கே போகிறது என்பது இன்னோர் எண்ணைக் கட்டுப்படுத்துவதில்லை; எனவே பத்து எண்களுக்கும் சேர்த்து 6¹⁰, அதாவது 6,04,66,176. அவ்வளவுதான்.

இதில் மேம்பட்ட கணிதம் எதுவும் இல்லை, பார்க்கும் பக்கத்தை மாற்றியதுதான் வேலை. ஆனால் விடைத்தாளில் 6¹⁰ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் தேறாது. மேலே சொன்ன காரணங்களை, குறிப்பாக "ஓர் எண் இன்னோர் எண்ணைக் கட்டுப்படுத்துவதில்லை" என்பதை, எழுத வேண்டும். பட்னம் திருத்துபவர்கள் நடுவாந்தரமாக 5, 6 என்று போடுவது அரிது. கிட்டத்தட்ட முழுமையான தீர்வுக்கு 8, 9, 10, நல்ல தொடக்கத்துக்கு 1 அல்லது 2, மற்றதெல்லாம் 0. ஆகவே நான்கு கேள்விகளில் பாதி பாதி எழுதுவதைவிட ஒன்றை முடித்து, திருத்தி, தெளிவாகப் படியெடுத்து வைப்பது லாபம். ஏ1, ஏ2, பி1, பி2 நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முடிவெடுத்துப் போவது முதல் முறைக்கு நல்ல திட்டம்.

பதிவுக்குத் துறையில் ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். இலையுதிர் செமஸ்டர் தொடங்கியவுடன் அவரைக் கேளுங்கள். பல கல்லூரிகளில் அந்த செமஸ்டரில் ஒரு கிரெடிட்டுக்குப் பட்னம் பயிற்சி வகுப்பு இருக்கும். பழைய வினாத்தாள்களும் தீர்வுகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்று முறை பட்னம் ஃபெலோவான கிரண் கேட்லாயா தொகுத்து வைத்திருப்பது நல்ல தொடக்கம். முதல் ஐந்து இடங்களில் வருபவர்களைத்தான் பட்னம் ஃபெலோ என்கிறார்கள்; ஆளுக்கு 2,500 டாலர். 1939இல் அந்த ஐவரில் ஒருவர் பிற்காலத்தில் இயற்பியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஃபைன்மன். முதலிடம் பெறும் அணியின் கல்லூரிக்கு 25,000 டாலர். முன்பெல்லாம் அணியின் மூவரைக் கல்லூரி முன்கூட்டியே அறிவிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கல்லூரியில் முதலில் வரும் மூவரே அணி.

இரண்டாவது, ஐ.சி.பி.சி. கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச நிரலாக்கப் போட்டி. வேர் 1970இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்.மில், முதல் இறுதிப் போட்டி 1977இல். மூவர் அணி, ஐந்து மணி நேரம், ஒரே ஒரு கணினி. அந்த ஒற்றைக் கணினிதான் ஆட்டத்தின் சூட்சுமம். மூவரும் நிரல் எழுதத் துடிப்பவர்களாக இருந்தால் இருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒருவர் தட்டச்சு செய்யும்போது ஒருவர் அடுத்த கணக்கைக் காகிதத்தில் முடித்து வைத்திருக்க வேண்டும், மூன்றாமவர் தவறாகிப்போன நிரலின் அச்சுப்படியில் பிழை தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

தரவரிசை, தீர்த்த கணக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து. சமமானால் அபராத நேரம். 40ஆவது நிமிடத்தில் ஒரு கணக்கைத் தீர்க்கிறீர்கள், அதற்கு முன் இரண்டு முறை தவறாக அனுப்பியிருக்கிறீர்கள் என்றால் 40 + 20 + 20 = 80 நிமிடம். கடைசி வரை தீர்க்காத கணக்குக்கு எத்தனை முறை தவறினாலும் அபராதம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே, கடைசி அரை மணி நேரத்தில் பயப்படாமல் அனுப்பலாம் என்பது புரியும்.

வளாகத் தேர்வுச் சுற்று பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். அதிலிருந்து மண்டலப் போட்டி, பிறகு வட அமெரிக்கச் சாம்பியன்ஷிப், அதற்கு மேல் உலக இறுதி. உலக இறுதியில் ஒருவர் இரண்டு முறைதான் கலந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கோமாப் நிறுவனம் 1985 முதல் நடத்தும் எம்.சி.எம். என்ற கணித மாதிரியாக்கப் போட்டி. மூவர் அணி, குளிர்கால முடிவில் நான்கு நாள், ஒரு நடைமுறைப் பிரச்சினை, முடிவில் ஓர் அறிக்கை. பட்னம் ஒத்துவராதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இங்கே எழுத்தும் நிரலும் கணிதமும் சேர்ந்து எடை போடப்படுகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: இதன் பட்டங்களில் அவுட்ஸ்டாண்டிங் என்பது உச்சி, அடுத்து ஃபைனலிஸ்ட், மெரிடோரியஸ், ஹானரபிள் மென்ஷன். சக்சஸ்ஃபுல் பார்டிசிபன்ட் என்பது ஒழுங்காக அறிக்கை அனுப்பியவர்களுக்குக் கிடைப்பது. அதை விருதென்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

படி 4: முன்மொழியப்படும் இடத்துக்கு வருவது

பெரிய விருதுகள் இங்கேதான் இருக்கின்றன, எல்லாமே ஆய்வுக்கானவை. இளங்கலை மாணவரின் கணித ஆய்வுக்குக் கிடைக்கும் முதன்மையான பரிசு, ஃபிராங்க் அண்ட் பிரென்னி மார்கன் பரிசு. ஏ.எம்.எஸ்., எம்.ஏ.ஏ., சியாம் மூன்று கணித அமைப்புகளும் சேர்ந்து தருகின்றன. 1995இல் முதல் பரிசை வாங்கியவர் நம்மூர்க்காரர்: சென்னையில் வளர்ந்து மிஷிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கண்ணன் சௌந்தரராஜன். பகுமுறை எண் கோட்பாட்டில் அவர் செய்த வேலைக்கு. மறு ஆண்டு ஹார்வர்டில் படித்த மஞ்சுல் பார்கவா. 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய அதே பார்கவாதான். கணினிப் பக்கம் இதற்கு இணை, சி.ஆர்.ஏ. இளங்கலை ஆய்வாளர் விருது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் துறைகள் தங்கள் மாணவர்களை முன்மொழிகின்றன. முதல் பரிசு கிடைக்காவிட்டாலும் அடுத்த நிலைகளும் ஹானரபிள் மென்ஷனும் உண்டு, அதுவே பிஎச்.டி. விண்ணப்பத்தில் கனமான வரி.

இவற்றுக்கு யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள் என்பதைவிட, தேடி வரும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே சரி. அதற்கு ஒரு பேராசிரியருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டும். முகமோ மதிப்பெண்ணோ தெரிந்தால் போதாது.

எப்படித் தொடங்குவது? இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் உண்மையிலேயே ஈடுபாடு வந்தால், பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போங்கள். வீட்டுப்பாடச் சந்தேகத்தோடு போகாமல் அதற்கு அடுத்த கேள்வியோடு போங்கள். "இந்தத் தேற்றத்தில் இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடைகிறது என்று முயன்று பார்த்தேன், இதுவரை வந்தேன்" என்று ஒரு தாளை நீட்டினால் பேச்சு தானே வளரும். "ஏதாவது ஆய்வு வாய்ப்பு இருக்கிறதா?" என்று வெறுமனே கேட்கும் மின்னஞ்சல்கள் அவர்களுக்குக் குவிந்துகொண்டிருக்கும்.

பேராசிரியரிடம் நேரே போகத் தயங்குபவர்களுக்கு இடைப்படி ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல கணிதத் துறைகளுக்குப் பரவிய டைரக்டட் ரீடிங் புரோகிராம். பிஎச்.டி. மாணவர் ஒருவரோடு ஒரு செமஸ்டர் ஒரு நூலைப் படித்து, முடிவில் சின்ன உரை நிகழ்த்துவீர்கள். ஆய்வு இல்லை, ஆனால் ஆய்வுக்கு முந்தைய பழக்கம் கிடைக்கும்.

கணினி அறிவியலில் நடைமுறை வேறு. அங்கே ஆய்வுக்கூடம் என்பது ஒரு குழு. வாரக் கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டுப் பின்வரிசையில் உட்காருவதும், குழு வெளியிட்ட கட்டுரை ஒன்றின் முடிவுகளை உங்கள் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்து, எது பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுப்பதும் வேகமாக உள்ளே கொண்டுபோகும். அப்படி எழுதிக் கொடுப்பவர் அபூர்வம். அதனாலேயே நினைவில் நிற்பார்.

கோடை விடுமுறைக்கு ஆர்.இ.யு. இருக்கிறது. என்.எஸ்.எஃப். 1987 முதல் நடத்தும் இந்தத் திட்டத்தில் சுமார் எட்டு, பத்து வாரம் வேறொரு கல்லூரியில் தங்கி, உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். அதற்கும் முன்னோடி, மின்னசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்தில் 1977இல் ஜோசப் காலியன் தொடங்கிய திட்டம். பல கணித மேதைகள் இளமையில் அங்கே போய் வந்தவர்கள். விண்ணப்பங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. எனவே கடிதம் எழுத ஆள் டிசம்பருக்குள் வேண்டும். சர்வதேச மாணவர்கள் இரண்டு வழி பார்க்கலாம்: தனி நிதி வைத்திருக்கும் சில ஆர்.இ.யு. தளங்கள், அல்லது உங்கள் கல்லூரியே தரும் கோடை ஆய்வு உதவித்தொகை. இரண்டாவதுதான் எளிது. அதைப் பற்றித் துறைச் செயலாளருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

வேலை ஒரு வடிவத்துக்கு வந்தபின், கணினிக்காரர்கள் ஏ.சி.எம். என்னும் கணினிச் சங்கத்தின் மாணவர் ஆய்வுப் போட்டிக்கு அனுப்பலாம். இதற்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம் என்பது வசதி. சுருக்கம் ஏற்கப்பட்டால் மாநாட்டில் போஸ்டர். அதில் தேறினால் உரை. இளங்கலைப் பிரிவில் முதல் மூன்று பரிசுகள் 500, 300, 200 டாலர். பயண உதவியும் உண்டு. போஸ்டர் முன்னால் நிற்கும் நடுவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கப் பழகுங்கள். பலர் அறிமுகத்திலேயே அந்த இரண்டு நிமிடத்தையும் தீர்த்துவிடுகிறார்கள்.

கட்டுரை எழுதும்போது பெயர் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் வரும். நான்காவதாக வந்தாலும் பங்கு குறைவு என்று பொருளில்லை. கணினி அறிவியலின் பல பிரிவுகளில் முதல் பெயர்தான் முக்கிய உழைப்பாளி, கோட்பாட்டுப் பிரிவில் மட்டும் கணித வழக்கம். இரு துறையிலும் கால் வைப்பவர்கள், யார் பெயர் எங்கே என்பதை வேலையின் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. முடிவில் பேசினால் மனக்கசப்பு.

படி 5: முன்மொழியக் கேட்பது, கடிதம் கேட்பது

"என்னை இந்த விருதுக்கு முன்மொழியுங்கள்" என்று கேட்கலாமா? கேட்கலாம். நம்மில் பலருக்கு இது கூச்சமாக இருக்கும், தானாகக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று தோன்றும். அங்கே அப்படி யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பேராசிரியருக்கு அந்த விருதின் கடைசித் தேதி நினைவில் இருக்கும் என்று நம்பியிருப்பதுதான் ஆபத்து. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அனுப்பப்போகும் அந்த மின்னஞ்சலின் சாரம் இப்படி இருக்கலாம்:

"சென்ற கோடையில் உங்களோடு வரைபட நிறமூட்டல் பற்றிச் செய்த வேலை சி.ஆர்.ஏ. விருதுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். துறை வழியாக முன்மொழிய வேண்டும். கடைசித் தேதி இது. வலுவான கடிதம் எழுத முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றாலும் எனக்குப் புரியும். என் மதிப்பெண் பட்டியல், இரண்டு பக்கச் சுருக்கம், செய்த வேலையின் குறிப்பு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்."

"வலுவான" என்ற சொல்லை விடாதீர்கள். மறுக்க அவருக்கு வழி வைப்பது உங்களுக்கே பாதுகாப்பு. "இந்த மாணவர் என் வகுப்பில் ஏ வாங்கினார், நேரத்துக்கு வருவார்" என்று வரும் கடிதம், கடிதம் இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். கடைசித் தேதிக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு கேளுங்கள். ஒரு வாரம் இருக்கும்போது ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.

செய்த வேலையின் குறிப்பு என்றேனே, அதில் பெரிய சொற்கள் வேண்டாம். "லெம்மா 3இன் முதல் நிரூபணத்தில் ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்தேன், எதிர் எடுத்துக்காட்டு கொடுத்தேன், பிறகு நிபந்தனையை மாற்றி நிரூபித்தேன்" என்பது போன்ற மூன்று நான்கு நிகழ்வுகள். பேராசிரியர் மறந்திருப்பார். கடிதத்தில் உயிருள்ள பத்தி இதிலிருந்துதான் வரும்.

படிவத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கட்டம் இருக்கும். 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம், விடாவிட்டால் எழுதுபவர் மனம் திறந்து எழுதியிருப்பாரா என்று படிப்பவர்கள் சந்தேகப்படுவார்கள்.

படி 6: வளாக அலுவலகம் வழியாகப் போகிறவை

கோல்ட்வாட்டர் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் பெயரில் 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்படுத்தியது. கணிதம், இயற்கை அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 7,500 டாலர் வரை. தேசியக் கடைசித் தேதி ஜனவரி இறுதி. ஆனால் உங்களுக்குப் பொருள்படும் தேதி அது இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு சிலரைத்தான் அனுப்பலாம், அதற்கான உள் தேர்வு பல மாதம் முன்பே நடந்துவிடும். பெரிய பல்கலைக்கழகங்களில் உள்ளே தேர்வாவதே வெளியே வெல்வதைவிடக் கடினம் என்று சொன்னால் மிகையில்லை. உதவித்தொகை ஆலோசகர் என்று ஒருவர் வளாகத்தில் இருப்பார். இரண்டாம் ஆண்டு தொடங்கியவுடன் போய்ப் பெயரைப் பதியுங்கள்.

கடைசி ஆண்டில் மேற்படிப்புக்கான சர்ச்சில், மார்ஷல், ரோட்ஸ், கேட்ஸ் கேம்பிரிட்ஜ் போன்றவை வரும். சர்ச்சிலும் மார்ஷலும் அமெரிக்கக் குடிமக்களுக்கு. கேட்ஸ் கேம்பிரிட்ஜுக்குப் பிரிட்டன் தவிர எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரையே எழுத வேண்டும், இங்கே பெயரோடு விடுகிறேன்.

படி 7: கிடைத்த பிறகு

ரெஸ்யூமேயில் எழுதும்போது யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். "பட்னம் 31" என்றால் கணிதப் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். வேலைக்கு ஆள் எடுப்பவர், 120க்கு 31தானா என்று நினைப்பார். அவருக்குத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று எழுதுங்கள், அல்லது அந்த ஆண்டின் இடைநிலை மதிப்பெண்ணைப் பக்கத்தில் போடுங்கள். டீன்ஸ் லிஸ்ட் எட்டு செமஸ்டரும் வந்தாலும் ஒரு வரிதான். கௌரவச் சங்கங்கள் எத்தனை ஆனாலும் ஒரு வரிதான்.

முடிவு வந்த அன்றே, கடிதம் எழுதியவர்களுக்குச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். அடுத்த கடிதத்துக்கு அவர்களிடம்தான் மறுபடி போகப் போகிறீர்கள்.

பரிசுத் தொகை அமெரிக்காவில் வருமானமாகவே கணக்கிடப்படும். வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் மாணவருக்குத் தரும் பரிசில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வரி ஒப்பந்தம் பொருந்தினால் குறையலாம். காசோலை வருவதற்கு முன் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்டால் திகைக்க வேண்டாம், அது வழக்கமானது. பரிசு வேலை வருமானமாகக் கருதப்படுமா என்ற சந்தேகம் வந்தால், பணத்தை வாங்குவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.